கேட்காமல் போட்ட ‘இல்லை’

நான்கு வருடங்களுக்கு முன்பு, விராலிமலைப் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை அங்கே எல்லாம் அட்டைதான். பெயர், வயது, என்ன சீக்கு, என்ன மருந்து என்று எழுதிய அட்டைகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றைப் புதிய சாஃப்ட்வேரில் ஏற்றுவது என் வேலை. எனக்குக் கை வேகம் அதிகம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரு கேள்வி வரும். ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அட்டைகளில் அந்த விவரமே பெரும்பாலும் இருக்காது. அப்போதிருந்த பெரிய டாக்டருக்கு ஆளைப் பார்த்தாலே எல்லாம் ஞாபகம் வரும் என்பதால் அவர் எழுதி வைத்ததில்லை. எழுதாத இடத்துக்கெல்லாம் நான் ‘இல்லை’ போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. பத்து நாளில் அலமாரி காலி. “நீ மனுசியா மிசினா?” என்று நர்ஸ் அக்கா கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

சில மாதங்களில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போய்விட்டார். புது டாக்டர் வந்தார். அவருக்கு எங்கள் ஊர் முகங்கள் தெரியாது. கம்ப்யூட்டர்தான் தெரியும்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். வலது கை முறிந்து தொங்கியது. உதடு கிழிந்து, தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. நினைவு இருந்தது, பேச்சுதான் வரவில்லை. கூட வந்த வேலையாளுக்கு அவர் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் தவிர ஒன்றும் தெரியாது. டாக்டர் தலையையும் கண்ணையும் பார்த்துவிட்டு, வலி ஊசி போடச் சொன்னார். என் பக்கம் திரும்பி, “அலர்ஜி எதுவும் இருக்கா, பாரும்மா” என்றார்.

பெயரைத் தட்டினேன். பழைய நோயாளிதான். “இல்லைங்க சார்” என்று சத்தமாகப் படித்தேன்.

ஊசியைப் பார்த்ததும் அந்த மனிதர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இடது கையால் நர்ஸ் அக்காவைத் தள்ளினார். “ஊசின்னா பயம் போல. அங்கிட்டு நின்னு பிடிங்க” என்றார் அக்கா. கூட வந்தவர் அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லண்ணே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சமாதானம் சொன்னார்.

அப்போதுதான் திரையின் அடியில் சின்ன எழுத்தைப் பார்த்தேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். தேதி, நான் அலமாரியைக் காலி செய்த அந்தப் பத்து நாளில் ஒன்று. இவருக்கு ‘இல்லை’ என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வேலை போய்விடுமோ என்று ஒரு நொடி தயங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அக்கா பஞ்சால் துடைத்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். “சார், போட வேணாம். அந்த ‘இல்லை’ நான் கேக்காம போட்டது.”

“வலியில துடிக்கிறாரு. இப்ப வந்து சொல்றியா?” டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. கொத்தனாரின் வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அவர் மனைவியைக் கேட்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. ஊசி அக்காவின் கையிலேயே இருந்தது. கட்டிலில் முனகல் கூடிக்கொண்டே போனது.

கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே படுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையை விடச் சொல்லிவிட்டு, என் விரலை அதில் வைத்தேன். “அண்ணே, இந்த ஊசி ஒங்களுக்கு ஒத்துக்காதா? ஆமான்னா விரலை அமுக்குங்க.”

அவர் அமுக்கியதில் எனக்கு எலும்பு வலித்தது. அப்புறம் கையை எடுத்து, தன் தொண்டையை நெரிப்பது போலக் காட்டினார்.

டாக்டர் ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். வேறு மருந்து சொன்னார்.

மதியம், தகவல் தெரிந்து அன்னவாசலிலிருந்து பஸ் பிடித்து அவர் மனைவி வந்து சேர்ந்தார். “முன்னாடி ஒருக்க வலி ஊசி போட்டு, மூச்சு அடைச்சு, பொழைச்சதே பெரும்பாடுங்க. பெரிய டாக்டருக்குத் தெரியுமே” என்றார். நான்தான் தடுத்தேன் என்று யாரோ சொல்ல, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலை போகவில்லை. நான் ஏற்றிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார் டாக்டர். மூன்று மாதம் ஆனது. சாஃப்ட்வேர்காரர்களிடம் சண்டை போட்டு, ‘இன்னும் கேட்கவில்லை’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வைத்தோம். இப்போது என்னை யாரும் மிசின் என்று சொல்வதில்லை. அன்று அந்த மனிதர் தலையாட்டிச் சொன்னதை விட, திரையில் நான் போட்டு வைத்த ஒரு ‘இல்லை’யை நாங்கள் எல்லோரும் நம்பினோம் என்பது இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அதனால்தான் எதையும் தட்டுவதற்கு முன் எதிரில் இருப்பவரின் முகத்தை ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.