பதினைந்து நிமிடம்

கைபேசியில் ஓடும் பதிவிலிருந்து ‘சேலா’ என்று அம்மாவின் குரல் வந்ததும் அப்பாவின் கால் தையல் மெஷினின் பெடலிலிருந்து எழும்பிவிடுகிறது. ஊசி துணிக்குள் பாதியில் நிற்கிறது. குரல் நிற்பதில்லை, அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறது. அப்பா ஒரு கணம் விழித்துவிட்டு, பின்தங்கியவர்போல அவசரமாக மிதிக்கிறார்.

எழுபத்திரண்டு வயது. வீட்டு முன்னறையில் ஜன்னல் திரைகளும் பள்ளிச் சீருடைகளும் தைக்கிறார். குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே பேசுவார். “ஊசிய வாயில வெச்சுக்கிட்டு ஆமென் சொல்லாதீங்க, உள்ள போயிடும்” என்பாள் அம்மா. காலையில் அவள் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பாள்; இவர் தைப்பார். சங்கீதங்களில் இடையிடையே வரும் ‘சேலா’ என்ற சொல்லுக்கு, நின்று யோசி என்பதுதான் அவள் வைத்திருந்த பொருள். இருவரும் நிற்பார்கள். அவசரமாக வந்த வாடிக்கையாளருக்கும் தூக்கிய ஒரு விரல்தான் பதில். யோசித்து முடித்தபின் சொல்வார்: “துணி எங்கயும் ஓடிடாதுங்க. கேட்டது மனசுல தங்கணும்ல.”

அம்மா படுத்த படுக்கையான பிறகு அவள் வாசிப்பைப் பதிவு செய்தேன். என் தொழிலே ஒலிப்பதிவுதான். ஓசையில்லாத இடங்களைத் தானாக வெட்டும் மென்பொருளில் அதை ஓட்டினேன். நாற்பத்தாறு நிமிடம் முப்பத்தொன்றாகச் சுருங்கியது. கச்சிதமாக இருக்கிறதென்று மகிழ்ந்து, மூலப்பதிவை அழித்தேன். அம்மா இறந்து ஏழு வாரம் ஆகிறது.

நேற்று, பித்தான் தைத்துக்கொண்டே அப்பா சொன்னார்: “கடைசில உங்கம்மாவுக்கே பொறுமை போயிடுச்சு போல. நிக்காம ஓடுறா. பயந்துட்டாளோ என்னமோ.”

அவள் ஒவ்வொரு இடத்திலும் நின்றாள், வெட்டியது நான், அவள் மூச்சுச் சத்தமும் அதோடு போயிற்று, இனிக் கிடைக்காது என்று சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அப்பா திட்டவில்லை. மொத்தம் எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டார். பதினைந்து நிமிடம் என்றேன். எந்த இடத்தில் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது.

“அப்போ பயப்படல” என்றார், தனக்குத்தானே.

பித்தானை வைத்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் தள்ளினார். “போடு. அந்த இடம் வந்தா நீயே நிறுத்து.”

நிறுத்தினேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும் என்று தோன்றி, மறுபடி ஓடவிட விரலை நீட்டினேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, உள்ளங்கையால் கைபேசியை மூடினார்.