தாரணிக்கு ஒரு ஷிப்ட் நோட்டு

மத்தியானம் ரெண்டரைக்கு ஊட்டுக் கதவத் தொறந்தா, பென்சில் சீவுன வாசந்தான் மொதல்ல வரும்...

என் தலைல மில்லுப் பஞ்சு ஒட்டியிருக்கும். எட்டு வயசு தாரணி ஓடி வந்து அத ஒவ்வொண்ணா பொறுக்கி எடுப்பா. பாசமெல்லாம் இல்லீங்க. புக்கத் தொறக்கறத எத்தன நேரம் தள்ளிப்போட முடியுமோ அத்தன நேரம் தள்ளிப்போடோணும், அதுக்குத்தான்.

ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுத்துபோடுவா. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா, ஆனா புக்கக் குடுத்தா படிக்க வராது, பென்சிலக் கைல குடுத்தா ஒரு வரி வராது. மூணாவதுல கடேசி பெஞ்சுல ஒக்கார வெச்சுட்டாங்க. போதும்டா சாமின்னு ஊட்டுலயே சொல்லிக் குடுக்கலாம்னு நிறுத்திப்போட்டோம். ஹோம் ஸ்கூலிங்னு அதுக்கு ஒரு பேரு இருக்கறதே பின்னாடிதான் தெரியும். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் எங்களுக்குத்தான் கிறுக்குன்னாங்க.

அப்ப எனக்கு ஸ்பின்னிங் மில்லுல பர்ஸ்ட் ஷிப்ட். எங்கூட்டுக்காரருக்கு பம்ப் கம்பெனில செகண்ட் ஷிப்ட். காலைல அப்பா வாத்தியாரு, மத்தியானத்துக்கு மேல நானு. நடுவால ஒரு மணி நேரம் பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்குவாங்க.

நாங்க ரெண்டு பேரும் முழிச்சுட்டு இருக்கறப்ப பாத்துக்கறதே ஞாயித்துக்கெழமைதானுங்க. அதனால மில்லுல செய்யற மாதிரியே ஊட்டுலயும் ஒரு ஷிப்ட் நோட்டுப் போட்டோம். மில்லுல எந்த மெஷின் நின்னுச்சு, என்ன பண்ணுனோம்னு அடுத்த ஷிப்டுக்கு எழுதி வெக்கோணும். ஊட்டுல மெஷினுக்குப் பதிலா தாரணி. நோட்டு பிரிட்ஜ் மேலயே கெடக்கும்.

அவரு எழுதறதப் படிச்சா சிரிப்பு வரும்.

"எழுவாய், பயனிலை நடத்தினேன். பத்து மணிக்கு நின்றுவிட்டது. கடலை மிட்டாய் கொடுத்து ஓட்டினேன். மறுபடி மக்கர்."

நானும் லேசுப்பட்டவ இல்ல. பசுவப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னேன். "எந்தப் பசுங்கம்மா?"ன்னு கேட்டா. ஏதோ ஒரு பசுன்னேன். அந்த ஏதோ ஒரு பசுவப் பத்தி ஒரு மணி நேரம் யோசிச்சா... பென்சிலோட பின்பக்கத்தக் கடிச்சுத் துப்புனதுதான் மிச்சம். அதையும் நோட்டுல ஏத்துனேன்.

இதுக்கு நடுவுல தாராபுரத்துல இருக்கற எங்கூட்டுக்காரரோட அண்ணன், ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சீட்டு சொல்லி வெச்சிருந்தாரு. நல்ல மனுசன், புள்ள கெட்டுப்போயிருமோன்னு அவருக்கு பயம். மே மாசக் கடேசிக்குள்ள சேத்தறதா வேண்டாமான்னு சொல்லோணும். ஹாஸ்டல்ங்கற பேச்செடுத்தாலே தாரணி சோத்துத் தட்டத் தள்ளி வெச்சிருவா.

மே மாசமும் வந்துருச்சு.

ஒரு நா சாயங்காலம் நாலு வரி... நாலே நாலு வரி சொந்தமா எழுதுன்னு ஒக்கார வெச்சேன். மணி ஆறாச்சு, பேப்பரு வெள்ளையாவே இருக்குது. எனக்கு ஏறுச்சு பாருங்க. கத்துனேன், புக்கத் தூக்கிப் போட்டேன். அப்பறம் நானே ஒக்காந்து அழுதுபோட்டேன். அவ சும்மா பாத்துட்டே இருந்தா.

நோட்டுல எழுதுனேன்: "என்னால முடியலீங்க. அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிப்போடுங்க." எழுதிப்போட்டு மாடில காயப்போட்ட துணிய எடுக்கப் போயிட்டேன்.

அடுத்த நா மில்லுல கையும் ஓடல, காலும் ஓடல. ரெண்டரைக்கு வந்து செருப்பக்கூட கழட்டாம நோட்டத்தான் எடுத்தேன். நான் எழுதுனதுக்குக் கீழ பென்சில்ல, கோணல் மாணலா...

"அப்பா இன்னிக்கி அம்மா அளுதாங்க. நா அளுவல. அம்மாக்கு தல வலி. அம்மாவ ஒன்னும் கேக்காதிங்க. எனக்கு வரமாட்டிங்குது. ஆனா வரும்."

அதுக்கும் கீழ அவரு கையெழுத்து: "ஹாஸ்டல் வேண்டாம் அம்மணி. அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. போண்டா போட்டு மூடி வைத்திருக்கிறேன்."

அவளுக்குத்தான் படிக்க வராதேன்னு, அவ கண்ணு முன்னாடியே அத்தன நாளும் நோட்ட வெச்சிருந்தோமுங்க. கழுத எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாத்தையும் படிச்சிருக்கறா... மக்கருன்னு எழுதுனதையும் சேத்து. வெக்கமாப் போச்சு எனக்கு. கட்டிப் புடிச்சுட்டு மன்னிச்சுக்க கண்ணுன்னேன். போண்டா ஆறிரும்னா.

அன்னைலருந்து நோட்டுல மூணாவது ஆளு எழுத ஆரம்பிச்சா. எல்லாம் எங்களப் பத்தின ரிப்போர்ட்டுதான். "பாடம் எடுக்கறப்ப தூங்கிட்டாங்க." "அம்மா இன்னிக்கி நல்லா சொல்லிக் குடுத்தாங்க, ஒரு தடவதான் கத்துனாங்க." யாரு தூங்குனதுன்னு போடாட்டி எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பேன். உடனே சேத்தி எழுதுவா. இலக்கணமெல்லாம் அப்படியே அந்த நோட்டுலயேதான் நடந்துச்சு. பசுவ அதோட விட்டுட்டோம்.

இப்ப ரெண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்ட். ஒண்ணாப் போறோம், ஒண்ணா வாரோம், ஆனா அவ ஊட்டுல இல்ல. ஈரோட்டுல காலேஜ், அவளே ஆசப்பட்டு சேந்த ஹாஸ்டல். ஊடு கம்முனு கெடக்குதுங்க.

போன வாரம் ஒரு நா சாயங்காலம் அவரு டீ வெச்சு என் கைல கொண்டாந்து குடுத்தாரு. கல்யாணமாயி இத்தன வருசத்துல கேக்காம வந்த மொத டீ. ஏனுங்க, என்ன சங்கதின்னேன். போன நீட்டுனாரு. தாரணி அனுப்பிச்ச மெசேஜ்.

"அப்பா, போன்ல அம்மா குரல் டல்லா இருந்துச்சு. என்ன ஏதுன்னு தோண்டிக் கேக்காதீங்க. டீ வெச்சுக் குடுத்துட்டு பக்கத்துல ஒக்காருங்க."

ஒரு தப்பில்ல. ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன்.

அழுக வந்துருச்சுங்க எனக்கு. அவரு என்னயப் பாத்தாரு, போன வாங்குனாரு, மெதுவா டைப் பண்ண ஆரம்பிச்சாரு. என்னங்க எழுதறீங்கன்னேன்.

"நீ அழுததச் சொல்லோணுமல்ல... அவ கேப்பா."