பாஷா பாயின் பாஸ்வேர்டு

ஆம்பூரில் அமீர் பாஷாவிடம் எதையாவது இரவல் வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பாஷாவின் ஸ்கூட்டரை அவரைத் தவிரத் தெருவில் எல்லோரும் ஓட்டினார்கள். மழை நாளில் அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார். பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டரே அவர் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். ஓட்டுகிறவன் "சலாம் பாய்" என்பான். இவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சலாம் சொல்லுவார்.

'முடியாது' என்ற சொல் அந்த மனிதரின் வாயில் வராது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்த காலத்தில் இரண்டு வீட்டுக்குப் போய், இரண்டு வீட்டிலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர் அவர். ஒரு வீட்டில் பிரியாணிக்கு ஆள் சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது. மாமா ஒருவர் ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகப் பேசி அதை நிறுத்திவைத்தார். இன்னொரு வீட்டுப் பெண்தான் அவர் மனைவி சைரா. அந்தக் கதையைச் சொல்லிக்காட்டாமல் அவள் இன்றுவரை ஒரு பெருநாளைக்கூடக் கழித்ததில்லை.

இப்படிப்பட்டவர் நூலகராகப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரவல் கொடுப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் வேறு எது இருக்கிறது? டவுனில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மேல்நிலைப் பள்ளி அது. அங்கே நூலகம் என்றால் மாடியில் ஒரு நீள அறை, ஆறேழு அலமாரி, ஜன்னல் திறந்தால் தோல் வாசனை. பிள்ளைகளுக்கு மட்டும்தான் புத்தகம் என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதியதும் பாஷாதான், மீறியதும் பாஷாதான். முடிவெட்டுகிறவர் கடையில் காத்திருப்பவர்கள் புரட்டுவது பள்ளிக்கூடத்து முத்திரை குத்திய புத்தகங்களைத்தான்.

போன வருஷம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் வக்கார் அகமது நூலகத்துக்கு ஒரு பெரிய காரியம் செய்தார். அவர் தோல் ஃபேக்டரி முதலாளி. நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, ஆராய்ச்சிக் கட்டுரைகளின் டேட்டாபேஸ் ஒன்றுக்கும் சந்தா கட்டிக் கொடுத்தார். டேட்டாபேஸ் கம்பெனி ஆள் வந்து பாஷாவுக்கு விளக்கினான். உலகத்தில் எங்கெங்கோ நடக்கிற ஆராய்ச்சியெல்லாம் கட்டுரைகளாக ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்குமாம். சாதாரணமாகத் தேடினால் தலைப்பை மட்டும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் கட்டுரைகூட இதில் முழுதாகத் திறக்குமாம். திறப்பதற்குப் பள்ளிக்கென்று ஒரு பாஸ்வேர்டு. அதை எந்த ஊரில், எந்த போனில் அடித்தாலும் திறக்கும்.

பாஷாவுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. புத்தகத்தை இரவல் கொடுத்தால் அலமாரியில் பொக்கை விழும். கல்யாணத்துக்குப் பிரியாணி டேக்சா இரவல் கொடுத்தால் அடியெல்லாம் கரியோடு நெளிந்து திரும்பி வரும். இது அப்படி இல்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாமல் அங்கேயே இருக்கிறது. இரவல் கொடுக்கவே பிறந்தவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

முதலில் கேட்டவர் வாங்கிக் கொடுத்த வக்கார் அகமதேதான். ஃபேக்டரி லேபில் இருக்கிற பையன்களுக்கு வேண்டும் என்றார். பாஷா கேள்வி கேட்காமல் கொடுத்தார். அப்புறம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் தோளைத் தொட்டார். அவருக்கு அடுத்து பல் டாக்டர். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிற மச்சான் டிபார்ட்மென்ட் பரீட்சைக்கென்று கேட்டான். ஏலகிரியில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஆள், பிரியாணிக்கடைக்காரர், பேர் தெரியாத ஒரு தோஸ்தின் தோஸ்த் என்று வரிசை நீண்டது. 'பாஷா பாய் பாஸ்வேர்டு' என்றால் பஜாரில் தெரியாதவர் கிடையாது. கொடுக்கும்போது மட்டும் பாஷா சுற்றும் முற்றும் பார்த்து, "யாருக்கும் சொல்லாதீங்க, இன்னா?" என்பார். அவர்களும் ரகசியமாகத் தலையாட்டிவிட்டு, அதே வார்த்தையோடு அடுத்த ஆளுக்குச் சொல்லுவார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கிறிஸ்டினா மேடத்துக்கு இது எதுவும் தெரியாது. மாதா மாதம் கம்பெனி அனுப்பும் கணக்கில் படித்த கட்டுரைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதை மட்டும் அவர் பார்த்தார். காலை பிரேயரில் மைக்கைப் பிடித்து, "நம்ம ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி படிக்கிற பிள்ளைங்க மாவட்டத்துலயே இல்ல" என்று நெகிழ்ந்து பேசினார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள். பின்வரிசையில் பாஷா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

ஆனால் உண்மையாகவே படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தது. பதினோராம் வகுப்பு முபஷ்ஷிரா. ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனால் அதில் எந்தக் கீரை தாக்குப்பிடிக்கும் என்று தொட்டியில் நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவட்ட அறிவியல் போட்டியில் அவளுடைய தொட்டிகள் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தன. அங்கே தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதாது. இதற்கு முன்னால் யார் யார் என்னென்ன கண்டுபிடித்தார்கள் என்று படித்து எழுதித் தர வேண்டும். அடுத்த புதன்கிழமை கடைசி நாள். அவள் தினமும் மதியச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துக்கொண்டு மாடிக்கு ஓடி வருவாள்.

டேட்டாபேஸ் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது அந்த வாரம்தான். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் படித்தவை இவை என்று எழுதி, கீழே அடுக்கியிருந்தார்கள். ஷூவின் அடிப்பாகம் ஒட்டும் பசை. ஆட்டுத்தோலில் பிடிக்கும் பூஞ்சை. பல்லுக்கு வேர் சிகிச்சை. தேனீக்களுக்கு வரும் நோய். ஆண்களின் வழுக்கை. பாஸ்வேர்டு வெளியே போயிருப்பதாகச் சந்தேகப்படுகிறோம், இணைப்பை நிறுத்திவிட்டோம் என்று மெயில் முடிந்தது.

கிறிஸ்டினா மேடம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு பாஷாவைக் கூப்பிட்டார்.

"பாய், நம்ம பசங்களுக்கு எதுக்கு வேர் சிகிச்சை?"

பாஷா காலண்டரைப் பார்த்தார்.

"யார் யாருக்குக் குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

"யாருக்குக் குடுக்கலைன்னு கேட்டீங்கன்னா சீக்கிரம் சொல்லிடுவேன் மேடம்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அடுக்கில் வழுக்கை மட்டும் பாஷாவே படித்தது. அவர் பள்ளி ஊழியர் என்பதால் விதிப்படி அது ஒன்றுதான் சரியான உபயோகம். அதைச் சொல்ல அது நேரமில்லை என்று அவருக்கே தெரிந்தது.

மாடிக்கு வந்தபோது, திறக்காத கம்ப்யூட்டர் முன்னால் முபஷ்ஷிரா நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், பாதிதான் படிச்சேன். இன்னும் நாலு கட்டுரை இருக்குது. புதன்கிழமைக்குள்ள எப்படி சார் எழுதறது? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

குறையாது குறையாது என்று பாஷா ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தாரே, கடைசியில் குறைந்தது யாருக்கு? யாருக்காக வந்ததோ அவளுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் நல்ல மனசின் மேலேயே வெறுப்பு வந்தது.

மேடம் கம்பெனியிடம் கெஞ்சினார். ஒரு நிபந்தனையோடு அவர்கள் இறங்கி வந்தார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள் தவிர யாருக்கும் பாஸ்வேர்டு போகாது என்று நூலகர் தன் பேரில் உறுதி கொடுக்க வேண்டும். வெளியாள் படிக்க வேண்டும் என்றால் நூலகத்திலேயே வந்து உட்கார்ந்து படிக்கலாம். இன்னொரு தடவை வெளியே போனால் இணைப்பு ஒரேயடியாக ரத்து. பாஷா உறுதி கொடுத்தார். புதுப் பாஸ்வேர்டு வந்தது. அதை அவர் ஒரு பேப்பரில்கூட எழுதவில்லை. பிள்ளைகளுக்குத் தானே அடித்துத் திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் பஜாரில் பாஷா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பல் டாக்டர் வந்தால் சந்தில் நுழைந்தார். சூப்பர்வைசர் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இல்லாத ஆளிடம் பேசினார். ஜும்மா முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். ஓடி ஒளிய முடிந்ததே தவிர, நின்று 'முடியாது' என்று சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், ஓடி ஒளிய முடியாத ஆள் மாடியேறி வந்தார். வக்கார் அகமது. திட்ட வேண்டுமானால் அவருக்குத் தமிழ், காரியம் ஆக வேண்டுமானால் உருது. அன்றைக்கு உருதுவில் ஆரம்பித்து, உடம்பு எப்படி, சைரா எப்படி என்று விசாரித்தார். தோல் வாங்குகிற ஜெர்மனி பார்ட்டி ஒரு டெஸ்ட் கேட்கிறான், லேப் பையன் அவசரமாக ஏதோ படிக்க வேண்டுமாம், புதுப் பாஸ்வேர்டைச் சொல்லு என்றார்.

மூலையில் முபஷ்ஷிரா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பாஷாவின் தலை, பழக்க தோஷத்தில், சரி என்று ஆடவே தொடங்கிவிட்டது. அதைப் பாதியில் நிறுத்த அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"முடியாது சாப்" என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

வக்கார் அகமது தமிழுக்கு மாறினார். "இன்னாது?"

"லேப் பையனை இங்க அனுப்புங்க. உக்காந்து படிக்கட்டும். பாஸ்வேர்டு தர மாட்டேன்."

"பாய், இது நான் வாங்கிக் குடுத்தது."

"யார் பேர்ல குடுத்தீங்க, சாப்?"

கேட்டுவிட்டு பாஷா சுவரைப் பார்த்தார். கம்ப்யூட்டர்களுக்கு மேலே சின்னப் பலகை. காலமான தகப்பனார் பேரில், அவருடைய மறுமைக்காக, வக்கார் அகமது செய்த தர்மம் என்று அதில் எழுதியிருந்தது.

"பிள்ளைங்க படிக்கப் படிக்க அந்த நன்மை உங்க அப்பாவுக்குப் போய்ச் சேருது. போன வாரம் ரெண்டு மூணு நாள் இது மூடிக் கிடந்துச்சு சாப். அந்த நாள்ல அவருக்கு ஒண்ணும் போய்ச் சேரல. அதுக்கு நானும் காரணம். மறுபடியும் அப்படி ஆக விடமாட்டேன்."

வக்கார் அகமது பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூலைக்குப் போய், முபஷ்ஷிராவின் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா படிக்கிற?"

"உப்புத் தண்ணில வளர்ற கீரை, சார்."

"படி" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குப் பையனை அனுப்புறேன். உக்கார இடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமா வருத்தமா என்று பாஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாஷா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பயமாக இருந்தது. வேலை போனாலும் போகும். ஆனாலும் அடிவயிற்றில் ஒரு சந்தோஷம், சின்ன வயதில் முதல் நோன்பைச் சாயங்காலம் வரை பிடித்து முடித்த அன்றைக்கு வந்ததே, அது மாதிரி.

முபஷ்ஷிரா தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"எங்க அப்பாவுக்கும் நீங்க பழைய பாஸ்வேர்டு குடுத்தீங்களாம். புதுசு இன்னான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"முடியாதுன்னு சொல்லு" என்றார் பாஷா. "போய்ப் படி. மணி அடிச்சிடப் போவுது."