அம்மியோடு ரயில் பார்க்கப் போனவர்

ஆறுமுகநயினாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று அவருடைய பதினாறாம் நாளன்று என்னைக் கேட்டார்கள். நான் பேசவில்லை. பேசியவர்கள் அத்தனை பேரும் அவர் தயவில் இலங்கை பார்த்து வந்தவர்கள். “அண்ணாச்சி மாதிரி மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்” என்று ஒருவன் மூக்கைச் சிந்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனை அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கப்பலேறிய கூட்டம்தானே நாம், இப்போது எதற்கு இந்த நீலிக்கண்ணீர் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

தென்காசி ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். கொல்லம் வண்டி வருகிற சத்தம் கேட்டால் போதும், பஞ்சர் பார்க்கிற டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பார். சைக்கிளுக்கு உரியவன் கத்துவான். இவர் காதில் விழாது. என்ன எஞ்சின், யார் டிரைவர், எத்தனை நிமிஷம் தாமதம் எல்லாம் சொல்லுவார். அவரைச் சுற்றி எங்களைப் போல் இருபது, முப்பது பேர் சேர்ந்துவிட்டோம். ஜவுளிக்கடைக் குமாஸ்தாவான நான், இரண்டு வாத்தியார்கள், வாசுதேவநல்லூர் விவசாயிகள் சிலர், ஆலங்குளத்து அரிசி ஆலை முதலாளி ஒருவர். ஊர் எங்களுக்கு வைத்த பெயர் ரயில்கோட்டிகள். பைத்தியத்தை எங்கள் பக்கம் கோட்டி என்போம். வைத்த பெயரில் பிழை இல்லை.

எங்களுக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு அப்படியில்லை. பதினெட்டு வயதில் ரயில்வேயில் எஞ்சின் துடைக்கும் வேலைக்கு மதுரையில் போய் நின்றிருக்கிறார். கம்பளி நூல் கண்டுகளை மேசையில் கொட்டிப் பச்சையை மட்டும் பொறுக்கச் சொன்னார்களாம். இவர் பச்சையோடு சிவப்பையும் சேர்த்துப் பொறுக்கி வைத்தார். கண்ணில் கோளாறு, போய் வா என்று சொல்லிவிட்டார்கள். கூட்டாளி இசக்கிப்பாண்டி அதே வருஷம் மாமனோடு இலங்கைக்குப் போய், அங்கே எஞ்சின் துடைத்து, கரி அள்ளிப் போட்டு, கடைசியில் டிரைவராகவே ஆகிவிட்டான். இவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து நாலில் முதல் டூர் போனோம். ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி. அடுத்த வருஷம் பாம்பன் பாலம். செலவு கையைக் கடிக்காததற்குக் காரணம் அவர் வைத்திருந்த முறை. குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் குளிக்க வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அண்டா, குண்டா, அரிசி, பருப்பு, சமையல்காரன் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டி ஆக்கித் தின்று போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். “ஓட்டல்ல தின்னா அது டூர் இல்லலே, திவாலு” என்பார் அண்ணாச்சி. சமையலுக்கு உச்சிமாகாளி. கையில் மணம் உள்ள ஆள். ஆனால் தன் அம்மியும் குழவியும் இல்லாமல் எங்கேயும் வர மாட்டான். அடுத்த ஊர் அம்மியில் அரைத்தால் மசாலா செத்துப்போகும் என்பது அவன் கட்சி.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் இசக்கிப்பாண்டியிடமிருந்து காகிதம் வந்தது. “இங்கே இந்தியாக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். வருகிற பங்குனியோடு எனக்கு வேலை முடிகிறது. அதற்குள் நீ வந்து சேர்ந்தால் மலைப்பாதையில் நானுஓயாவிலிருந்து பதுளை வரைக்கும் உன்னை எஞ்சினில் ஏற்றிக் கூட்டிப்போவேன். அப்புறம் கேட்டால் என்னால் பெட்டியில்கூட ஏற்ற முடியாது” என்று எழுதியிருந்தான். அண்ணாச்சி அதை எங்களுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நாற்பத்தைந்து வயது ஆள். ஓடுகிற எஞ்சினில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும், அதுதான் அவர் கேட்டது. அதற்கும் ஒரு வருஷம்தான் தவணை.

தனியாகப் போயிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வராது. “நான் மட்டும் போயி என்னத்தலே பாக்க? எல்லாரும் போவோம்” என்றார். ஆளுக்கு நூற்றிருபது ரூபாயில் இலங்கை டூர் என்று சைக்கிள் கடைப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். சமையல்காரனை விட்டு, அண்ணாச்சியோடு இருபத்தேழு பேர் சேர்ந்தோம். பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதியது அவர். போலீஸ் விசாரணைக்கு வீடு வீடாக வழிகாட்டியது அவர். அம்மை குத்த எங்களை வரிசையாக நிறுத்தியது அவர். மண்டபம் வரை பஸ், அப்புறம் ரயில், கப்பல், தலைமன்னாரில் இசக்கிப்பாண்டி பேசி வைத்த இன்னொரு பஸ். அந்தப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், நல்ல மலைப்பாதை வருகிற இடத்தில் ரயிலில் ஏறிக்கொள்வது. திட்டத்தில் ஓர் ஓட்டை கிடையாது. அவர் மனைவி கோமதியம்மாள்தான், “உள்ளூர்ல கடைத்தெருவுக்கு என்னையக் கூட்டிட்டுப் போக நேரமில்ல, ஊரான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுச் சீமைக்குப் போறாவ” என்று நொடித்தாள்.

ஐம்பத்தேழு தை, பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் புறப்பட்டோம். இரண்டு மூட்டை அரிசி, அண்டாக்கள், வடிதட்டு, விறகுகூட ஒரு கட்டு. அம்மி கடைசி சீட்டுக்கு அடியில். என் பங்குக்குப் புளிப்பானை. தென்காசியிலிருந்து மண்டபம் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவாப் போவும் வே, நம்ம அவசரத்துக்கா கப்பலு கிளம்பும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத்தான் அவசரம், பாவம்.

மண்டபத்தில், கப்பலுக்குப் போகிறவர்களின் காகிதங்களைப் பார்க்கிற ஒரு கொட்டகையில் எங்களை நிறுத்தினார்கள். அதிகாரி சின்ன வயதுக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சாமான்களைச் சுற்றி வந்தார். அம்மியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“எதுக்கு இலங்கைக்குப் போறீங்க?”

“ரயில் பாக்கதுக்கு ஐயா” என்றார் அண்ணாச்சி.

“ஏன், இங்க ரயில் இல்லையா?”

அண்ணாச்சி மலைப்பாதையைப் பற்றியும், ரயில் ஒரு குன்றைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் நுழைவதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். சந்தோஷமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அதிகாரி முகம் இறுகிக்கொண்டே போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் களவாகப் போய்க் குடியேறுகிறார்கள் என்று கெடுபிடியாக இருந்த காலம் அது. எங்களுக்கு அது தெரியாததா? பேப்பரில் படித்ததுதான். நமக்கும் அதற்கும் என்ன என்று இருந்துவிட்டோம். பழநிக்குப் போனாலும் பாபநாசத்துக்குப் போனாலும் அண்டாவோடு போய்ப் பழகிய புத்தி.

“பொய் சொல்லாதீங்க. வேடிக்கை பாக்கப் போறவன் அம்மியைத் தூக்கிக்கிட்டா போவான்? குடும்பம் நடத்தப் போறவன்தான் அம்மி கொண்டுபோவான். இந்தச் சாமான் எல்லாம் யாருது?”

அவர் திரும்பவும் கேட்டார். “உங்க எல்லாருக்கும் சொந்தம்னா எல்லாரும் ஊருக்குத் திரும்புங்க. ஒருத்தருதுன்னா அவரு மட்டும் நிக்கட்டும்.”

இந்த இடத்தை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. ஆலங்குளத்து முதலாளிதான் முதலில் கையை நீட்டினார். “எல்லாம் அவருதுதான் சார். நாங்க சும்மா கூட வந்தவங்க.” இரண்டு வாத்தியார்களும் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போய், என் கையிலிருந்த புளிப்பானையை அண்ணாச்சி காலடியில் வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றுகொண்டேன். வாயால் காட்டிக்கொடுத்தவனை விட நான் எந்த வகையில் உசத்தி?

அண்ணாச்சி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், “ஆமா ஐயா, எனக்குள்ளதுதான். எல்லாத்தையும் இங்கனயே விட்டுட்டு வெறுங்கையோட போறேன். என்னைய விட்டுருங்க. அங்க ஒருத்தன் எனக்காக் காத்துக்கிட்டிருக்கான்” என்றார்.

“எழுதியாச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது.”

சமையல்காரனையும் நிறுத்திவிட்டார்கள். உச்சிமாகாளி அம்மியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “எனக்கு ஒரு ரயிலும் வேண்டாம். ஆனா இந்த மனுஷனை விட்டுட்டுப் போறீகளே, நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கீகளா?” என்று கேட்டான். அண்ணாச்சி அவனை அதட்டினார். எங்களிடம் வந்து, எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “நான் வரலன்னு இசக்கிட்ட பக்குவமாச் சொல்லு பெருமாளு” என்று என் தோளில் தட்டினார். நாங்கள் போனோம். இருபத்தாறு பேரில் ஒருவன் திரும்பியிருக்கலாம். ஒருவனும் திரும்பவில்லை.

இலங்கையில் ஓட்டலில்தான் சாப்பிட வேண்டியதாயிற்று. காசு கரையக் கரைய எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள். “அம்மியைக் கொண்டுவந்து மானத்த வாங்கிட்டான் கோட்டிக்காரப்பய” என்றார் முதலாளி. உச்சிமாகாளி கை மசாலாவை ஊட்டியில் மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்ற வாய் அது.

நானுஓயா பிளாட்பாரத்தில் இசக்கிப்பாண்டி நின்றிருந்தார். நரைத்த மீசை, கரி ஏறிய கை. முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. “நயினார் எங்கலே?” என்றுதான் முதல் வார்த்தை. நடந்ததைச் சொன்னேன். பக்குவமாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? அவர் எஞ்சினுக்குப் பின்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். முதலாளி முன்னால் போய், நான் ஏறிக்கொள்ளட்டுமா என்றார். இசக்கிப்பாண்டி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“இதுல பெருமாளு யாரு?” என்றார். நான் முன்னால் வந்தேன். “காகிதத்துக்குக் காகிதம் உன் பேரை எழுதுவான். ஏறு.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறினேன். ஐயோ, அதை என்னவென்று சொல்ல! முன்னால் அடுப்பு அனல் முழங்காலைத் தீய்க்கிறது, பின்னால் மலைக்காற்று முதுகை நடுக்குகிறது. குகைக்குள் நுழைகையில் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தச் சொன்னார். வெளியே வந்ததும் பச்சைப் பசேலென்று தேயிலை கண்ணில் அடித்தது. உச்சி ஸ்டேஷனுக்கு முன்னால், “இழுலே” என்று விசில் கம்பியை என் கையில் கொடுத்தார். இழுத்தேன். மலை முழுக்க அது திரும்பத் திரும்பக் கேட்டது. நான் சிரித்தேன், அழவும் செய்தேன். அந்த மூன்று மணி நேரமும் ஆறுமுகநயினார் என் நினைவுக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை.

பதுளையில் இறங்கியபோதுதான் வந்தார். அப்புறம் விடவில்லை. எப்படி அவர் முகத்தில் விழிப்பது? வரும் வழியில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். இசக்கிப்பாண்டிக்குக் காய்ச்சல், வேறு டிரைவர் ஓட்டினார், யாரும் எஞ்சினில் ஏறவில்லை என்று ஒரே பேச்சாகச் சொல்ல வேண்டும். உடனே ஒத்துக்கொண்டார்கள். பொய் சொல்ல ஒன்றுசேர எங்களுக்குத் தெரியாதா என்ன?

ஊருக்கு வந்ததும் சைக்கிள் கடைக்குப் போனேன். கோமதியம்மாள், “வாங்க தொரை, கப்பல் சவுகரியமா இருந்திச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார். “யாரு ஏறினா?” என்று கேட்டார். நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

“அப்பம் ஒருத்தருமே ஏறலையா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சரி போட்டும். அவனுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு எழுதிக் கேக்கேன்” என்றார். முகத்தில் வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு அவரே வந்தார். கையில் இசக்கிப்பாண்டியின் பதில் காகிதம். கூட்டம் குறைகிற வரை ஓரமாக நின்றார். பிறகு கிட்டே வந்து, சத்தம் போடாமல் பேசினார்.

“நீ ஏறினதுல எனக்கு வருத்தமே இல்லலே. நான் ஏறாட்டி என்ன, நம்மள்ல ஒருத்தன் ஏறினான்லா. ஆனா வந்து ஒரு வார்த்தை சொன்னியா? அனலு எப்படி அடிச்சுது, குகைக்குள்ள புகை எப்படிச் சுத்துச்சு, விசில் கம்பி கைக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லியிருந்தா, கேட்டுக்கிட்டே நானும் ஏறியிருப்பேனே. அதையும்லா களவாண்டுட்ட.”

“இப்பம் சொல்லுதேன் அண்ணாச்சி. உக்காருங்க, எல்லாத்தையும் சொல்லுதேன்.”

“வேண்டாம். அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்காச் சொன்னதா இருக்கும். இன்னைக்குச் சொன்னா உனக்காச் சொல்லுததுதான்.”

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். வேலைக்குப் போக நான் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்த்தால் நின்று நன்றாகத்தான் பேசுவார். மழை பெய்ததா, பிள்ளைக்குப் பரீட்சை எப்படி, வேட்டி என்ன விலை என்று கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கொல்லம் வண்டி வரும். நான் அங்கே நிற்கும்வரை அவர் வண்டிப் பக்கம் திரும்ப மாட்டார்.