பூஜைச் சுவரில் ஒரு வெற்று ஆணி

2001-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. ரங்கூன் நகரில், லத்தாப் பகுதியில், இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. ஊரின் பெயர் யாங்கோன் என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் என் நாவுக்கு இன்னும் ரங்கூன்தான்.

எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. பட்டம் பெற்றவன், கோயில் கமிட்டியில் துணைச் செயலாளன். கமிட்டியின் தலைவர் ஒரு செட்டியார். வட்டித் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவர். அப்போது இரும்புச் சாமான் வியாபாரம் பார்த்து வந்தார். அவர் கடைக்கு அருகில்தான் யூதர்களின் பழைய ஜெபாலயம் இருக்கிறது. அதைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்க அம்மையார், இந்நகரில் தங்கிவிட்ட பிற குடும்பங்களையும் படம் எடுக்க விரும்பினாராம். ஆங்கிலம் பேசத் தெரிந்த வீடு என்று செட்டியார் என் வீட்டைச் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை.

பெருமையோடு ஒரு கவலையும் வந்தது. என் தந்தை துறைமுகத்தில் குமாஸ்தா என்று நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். உண்மையில் அவர் மூட்டை தூக்கியவர். வேலைக்குப் போகும்போது கையில் கட்டிக்கொள்ள, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் காலமான பின் என் தாயார் அந்த வில்லையைப் பூஜைச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிதோறும் படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது வில்லைக்கும் ஒரு பொட்டு. தாயாருக்குப் பிறகு என் மனைவி அதைத் தொடர்ந்தாள். பூஜை உள்ளறையில் என்பதால் அதுவரை வெளியார் யாரும் பார்த்ததில்லை.

அம்மையாரோ உள்ளறையில்தான் ஒளி நன்றாக இருக்கிறது என்று முதல்நாளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செட்டியாரும் உடன் வருவார். ஆகவே, அவர்கள் வருவதற்குச் சற்று முன் வில்லையைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவி அப்போது அடுக்களையில் இருந்தாள்.

அந்தக் காலையின் ஒளியை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. ஆற்றிலிருந்து வந்த பனி தெருவையே கரைத்துவிட்டிருந்தது. மரச்சன்னலின் சட்டங்கள் வழியே நுழைந்த வெயில், ஊதுவத்திப் புகையில் பட்டுத் தரையில் இறங்காமல் அந்தரத்திலேயே நின்றது. அக்கரையில் உள்ள டாலாவுக்குப் போகும் படகின் ஊதல் எங்கோ தூக்கத்தில் கேட்பது போலக் கேட்டது. எண்பதை நெருங்கிய அந்த அம்மையார் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பழைய கேமராவை மடியில் வைத்தபடி அசையாமல் காத்திருந்தார். அவர் ஒருவர் இருப்பதையே நாங்கள் மறக்க வேண்டும் என்பது அவருடைய முறை. வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உடன் வந்த செட்டியார் கதவோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

மனைவி, கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் ஈரம் உலராமல் வந்து, விளக்கை ஏற்றினாள். குங்குமச் சிமிழை எடுத்தாள். முருகனுக்கு ஒரு பொட்டு, அம்பாளுக்கு ஒரு பொட்டு, என் பெற்றோர் படத்துக்கு ஒன்று. அடுத்து நீண்ட விரல் வெற்று ஆணிக்கு முன்னால் நின்றுவிட்டது.

"என்னங்க, மாமாவோட வில்லை எங்க?"

"அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறமா? வெள்ளிக்கிழமை அதுவுமா?"

அம்மையார் கேமராவைத் தாழ்த்தி, மனைவி என்ன கேட்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். தீப்பெட்டி கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மெல்ல எழுந்து, விளக்கடியில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மனைவி தீப்பெட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

அம்மையார் என் பொய்யை விட்டுவிட்டு, அந்த வெற்று ஆணியை ஒருமுறை பார்த்தார். தாம் ஒரு விஷயம் சொல்ல விரும்புவதாகவும், அதை மற்ற இருவருக்கும் நான் தமிழில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன்.

இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்காவில் மக்கள் எப்படி உழைக்கிறார்கள் என்று படம் எடுக்க அவரை அரசாங்கம் அமர்த்தியிருந்தது. அவருடைய தந்தை, பிழைக்க அங்கே வந்து சேர்ந்த யூதத் தையற்காரர். சிப்பாய்களுக்குக் கோட்டு தைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மையார் தம் வீட்டையே படம் எடுக்க நினைத்தார். யூதர் வழக்கப்படி தாயார் மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றியிருந்தார். இந்தப் போரே யூதர்களுக்காகத்தான் நடக்கிறது என்று தெருவில் சிலர் ஏசிய காலம். மெழுகுவர்த்திகளைப் படத்தில் விழாதபடி எடுத்து வைக்குமாறு மகள் சொன்னார். தாயார் மறுபேச்சில்லாமல் எடுத்துப் பக்கத்து அலமாரியில் வைத்தார். 'ஓர் அமெரிக்கக் குடும்பம்' என்று அந்தப் படம் பல பத்திரிகைகளில் வந்தது. அதில் தாயாரின் பார்வை எங்கோ ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். வெற்றியைக் கனவு காணும் கண்கள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"என் அம்மா மெழுகுவர்த்திகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் கை கோட்டுப் பையின் மேல் இருந்தது. எதிர்வீட்டு வானொலியில் பர்மியப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"கதை நல்லாத்தான் சொல்றீங்க. இப்ப வில்லையை எடுங்க" என்றாள் மனைவி.

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செட்டியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இது யாருடையது என்று அம்மையார் கேட்டார். என் தந்தையுடையது, அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, அதையே செட்டியாரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். கமிட்டியில் என் நாற்காலி, ஊரில் என் பெயர், எல்லாம் அந்தக் கணத்தில் அவர் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"அட, குமாஸ்தான்னுல்ல சொன்னீக இத்தனை வருஷமா?"

செட்டியார் வில்லையில் இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷம் எங்க அப்பச்சி ஊருக்குக் கப்பலேறுனாக. அந்தக் கூட்டத்துல பெட்டியைத் தலையில வச்சு ஏத்திவிட்ட மனுசன் பேரைக் கேட்டுக்காம வந்துட்டேனேன்னு சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாக. யாரு கண்டா, உங்க ஐயாவா இருந்தாலும் இருக்கும்." சற்று நிறுத்தி, "ஆனா பொய் சொன்னதுக்கு இந்த வருஷத் திருவிழாக் கணக்குப் பூரா நீங்கதான் எழுதணும்" என்றார்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தபடி வில்லையை ஆணியில் மாட்டிக் குங்குமம் வைக்கும்போது கேமராவின் மெல்லிய சத்தம் ஒருமுறை கேட்டது. ஒரே முறைதான். போதும் என்று அம்மையார் கேமராவை உறையில் வைத்துவிட்டார்.

என் மானத்தைக் காப்பதாக நினைத்து நான் மறைத்தது என் தந்தையைத்தான் என்பதை, வேறொருவரின் வருத்தத்தை மொழிபெயர்த்தபோதுதான் அறிந்தேன். அதன் பிறகு, தந்தை என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கெல்லாம் உள்ளதையே சொல்லி வருகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலுக்கு முன் அரை நொடி தயங்குகிறேன் என்பதையும், அந்த அரை நொடிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.