நல்ல காலில் தொடங்குபவர்

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே பிசியோதெரபிஸ்ட் பஹீமா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பிசியோதெரபி அறைக்கு வர நல்ல தூரம். அந்தத் தூரத்தில் எல்லோரும் உள்ளபடி நடப்பார்கள். அறைக்குள் வந்தால் நடையும் மாறிவிடும், கதையும் மாறிவிடும். அதனால் அவருடைய சோதனை கதவு திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் இந்தப் பெண்மணிக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. நொந்த காலை முதலில் தொடமாட்டார். "நல்ல கால் எப்பிடி இரிக்கி எண்டு பாக்காம, மத்தக் கால்ல என்ன பிழை எண்டு எப்பிடிச் சொல்ற?" என்பார். கை முழங்காலில் இருந்தாலும் கண் முகத்தில்தான் இருக்கும். வயற்காரர்களிடம் வரம்பில் ஏறும்போது நோகிறதா, இறங்கும்போதா என்று கேட்பார். "ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றதும் உள்ளங்கையால் தொடை முழுவதையும் தடவிக் காட்டுகிறவர்களைக் கண்டால் இன்னும் கவனமாகிவிடுவார்.

போன மாசியில் தேற்றாத்தீவிலிருந்து சுதாகரன் தன் மகள் தனுஷாவைக் கூட்டிவந்தார். மளமளவென்று வளர்ந்து தாயின் உயரத்தை எட்டிவிட்ட, கொஞ்சம் பருமனான பிள்ளை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்டத்தில் பெயர் கொடுத்திருந்தாள்.

"முழங்கால் நோகுதாம் மிஸ். வீக்கமுமில்ல, காயமுமில்ல. எக்ஸ்றேயும் எடுத்தாச்சு, முழங்கால் நல்லாத்தான் இருக்காம். ஓடப் பஞ்சி, சோம்பல். நடிக்கிறா," என்றார் சுதாகரன்.

தனுஷா இடது காலை ஊன்றிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

அவளுடைய வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியபடி வந்ததை பஹீமா ஜன்னலிலேயே கண்டிருந்தார். தகப்பன் முன்னே போக, பின்னால் தனியே வந்தபோதும் அவள் நொண்டினாள். நடிக்கிறவள் யாரும் பார்க்காத இடத்தில் ஏன் நொண்டவேண்டும்?

இடது காலைப் பார்த்து முடித்து வலதுக்கு வந்தார். முழங்காலை அழுத்தினார், அசைத்தார். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி மெதுவாக வயிற்றுப் பக்கம் கொண்டுபோனார். நேரே வரவேண்டிய கால் தானாக வெளியே சரிந்தது. சற்றே உட்பக்கம் திருப்பியதும் தனுஷா உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பஹீமா உடனே நிறுத்திக் காலைப் பக்குவமாக இறக்கினார்.

"எப்ப இருந்து மகள்?"

"பொங்கலுக்கு முதலே மிஸ். சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல."

"நான் நம்புறன்."

பிறகு தகப்பன் பக்கம் திரும்பினார். "நோவு முழங்கால்ல தெரியிது, பிழை இடுப்புலதான் இரிக்கும் போல. ரெண்டுக்கும் ஒரே நரம்பு போகுது. இனிப் புள்ள இந்தக் காலை நிலத்துல வைக்கப்படா."

"நடந்துதானே மிஸ் வந்தவ?"

"போகக்குள்ள நடக்கமாட்டா."

சக்கர நாற்காலி தள்ள ஆளில்லை. அவரே தள்ளிக்கொண்டு டொக்டரிடம் போனார். டொக்டரும் காலைப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் இடுப்புக்கு எக்ஸ்றே எழுதினார். தொடை எலும்பின் தலைப்பகுதி அந்த எலும்பின் கழுத்துப் பகுதியிலிருந்து சரியத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே அம்பியூலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஸ்குரூ போட்டு எலும்பை நிறுத்தினார்கள். ஓடவிட்டிருந்தால் முற்றாகக் கழன்றிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

காலை ஊன்றலாம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் அனுமதித்த பிறகு, தனுஷா ஊன்றுகோல்களோடு பஹீமாவிடம் வந்தாள். நடைப்பயிற்சிக்கான இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு அறையின் மூலைவரை நடந்து, திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பாதம் நேராக இருந்தது. சுதாகரன் பஹீமாவின் பக்கம் திரும்பினார்.

"நடிக்கிறா எண்டு வாய் கூசாமச் சொன்னனே மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க?"

பஹீமா கதிரையொன்றை இழுத்து, தனுஷாவின் கட்டிலோரம் போட்டார். சுதாகரன் அதில் உட்காரும்வரை நின்றார். பிறகு இருவரையும் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, வெளியே வந்தார்.