கோணல் குண்டு

இரத்தோட்டைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர் என் தங்கை புருஷன். அவர் துப்பாக்கிக்கு ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பது நான். அன்று வார்த்ததைப் பலகையில் உருட்டினேன். தத்தித் தத்திப் போனது. அச்சின் இரு பாதிகளுக்கு நடுவே ஈயத் துணுக்கு ஒட்டி, அச்சு முழுதாய் மூடவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி வார்க்கச் சோம்பல்.

“நல்ல உருண்டையா மச்சான்?” என்றார்.

“முத்து மாதிரி இருக்கு. கொண்டு போங்க.”

அன்றிரவு அவர் சுட்ட குண்டு விலகிப் போனது. பன்றி அவர் தொடையைக் கிழித்தது.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவர் சொன்னார்: “கை நடுங்கிருச்சு மச்சான். இனிமே துப்பாக்கி தொடமாட்டேன்.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை, “இவருக்கு எங்க அண்ணே குறி பாக்கத் தெரியும்?” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பைத் தாண்டி உண்மை இன்னும் வெளியே வரவில்லை. அவர் தன் கையைச் சந்தேகித்தே வாழ்கிறார்.